பற்றவைத்தவன் மேல் விழுந்த பழி

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். அண்மையில் ஆல்டேர் 8800 என்ற கணினியைப் பற்றிய பத்து நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்தேன். அதைச் செய்த எம்.ஐ.டி.எஸ். நிறுவனத்தின் எட் ராபர்ட்ஸ் முதலில் வந்தும் தோற்றுப்போனார்; அவருடைய கதவைத் தட்டி வந்த பில் கேட்ஸ் உலகையே வென்றார். பொருளைக் கையால் செய்கிறவன் எப்போதும் தோற்கத்தான் வேண்டுமா? நானும் இரண்டு நண்பர்களும் பள்ளி மாணவர்கள் உதிரிபாகங்களைத் தாங்களே ஈயத்தால் பற்றவைத்து முடிக்கக்கூடிய ஒரு சிறு கணினி கிட்டைத் தயாரித்து விற்க எண்ணியிருந்தோம். இந்தத் தோல்விக் கதையை அறிந்தபின் தயக்கம் வந்துவிட்டது. ஆல்டேர்தான் உலகின் முதல் தனிக்கணினியா, அந்தப் பெயர் ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது என்பது உண்மையா, இன்றைய தலைமுறை கையால் எதையுமே செய்வதில்லை என்பதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பவற்றையும் அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் நான் வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் என் 14 வயதில் நான் பற்றவைத்த ரேடியோவின் சர்க்யூட் போர்டு கிடந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, கிட் என்ற ஒன்றை விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் இடையில் உள்ள உறவைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்த வேளையில் உங்கள் மின்னஞ்சலைத் திறந்தேன். அது மட்டும் நிகழாதிருந்தால் பதில் எழுதியிருக்க மாட்டேன். பத்து நிமிடம் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு மனிதனின் வாழ்க்கைக்குத் தோல்வி என்று மதிப்பெண் போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். எது முதல் தனிக்கணினி என்பது பட்டிமன்றத்துக்கான தலைப்பு. 1971-இல் கென்பாக், 1973-இல் பிரான்சில் மிக்ரால், 1974 ஜூலையில் ரேடியோ எலக்ட்ரானிக்ஸ் இதழில் மார்க்-8 என்று ஆளுக்கொன்றைச் சொல்வார்கள். முதல் என்ற சொல்லுக்கு நீங்கள் தரும் பொருளைப் பொறுத்து விடை மாறும். பெயர்க்கதையை அதில் தொடர்புடையவர்களே வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், விட்டுவிடுங்கள். இன்றைய தலைமுறையைப் பற்றிய புலம்பலைத் தயவுசெய்து என்னிடம் கொண்டுவராதீர்கள். கிட் தயாரிக்க நினைக்கும் நீங்களும் அந்தத் தலைமுறைதானே?

எம்.ஐ.டி.எஸ். 1969-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ஆல்புகர்க்கி நகரில் தொடங்கப்பட்டது. ராபர்ட்ஸும் ஃபாரஸ்ட் மிம்ஸும் அங்கிருந்த விமானப்படை ஆய்வகத்தில் பணிபுரிந்தவர்கள். இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு, பொழுதுபோக்காக மாதிரி ராக்கெட் விடுகிறவர்களுக்கான சிறிய மின்னணுக் கருவிகளை விற்றார்கள். வியாபாரம் பெரிதாக நடக்கவில்லை. பின்னர் ராபர்ட்ஸ் மற்றவர்களின் பங்குகளை வாங்கிக்கொண்டு கணக்குப்பொறியின் பக்கம் திரும்பினார். 1971 நவம்பர் மாத பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் அவருடைய 816 கணக்குப்பொறி வந்தது. உதிரிபாகங்களாக வாங்கினால் 179 டாலர், முழுதாக வாங்கினால் 275 டாலர். பணம் கொட்டியது. சில ஆண்டுகளிலேயே டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற பெருநிறுவனங்கள் களத்தில் இறங்க, ராபர்ட்ஸ் உதிரிபாகங்களுக்குக் கொடுத்த விலையைவிடக் குறைவாகக் கடைகளில் முழுக் கணக்குப்பொறியே கிடைத்தது. 1974-இல் நிறுவனத்தின் கடன் சுமார் 3 லட்சம் டாலர்.

உங்கள் காணொளி இந்த இடத்தைத் தாண்டி ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். ராபர்ட்ஸ் ஒருமுறை ஏற்கெனவே தோற்றவர். பிறர் முழுதாகச் செய்து குறைந்த விலைக்குத் தரும் ஒரு பொருளைப் பாதியாக விற்பதில் பயனில்லை என்பதைச் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கற்றவர். ஆகவே, எளிய மனிதர் வாங்கும் விலையில் எவருமே முழுதாக விற்காத ஒன்றின், கணினியின், பாதியை விற்பது என்று முடிவுசெய்தார். அதுதான் ஆல்டேர். வங்கி மேலும் 65,000 டாலர் கடன் கொடுத்தது, ஆண்டுக்கு 800 கணினிகள் விற்கும் என்ற அவருடைய சொல்லை நம்பியோ, கொடுத்த பழைய கடன் மூழ்கிவிடுமே என்று அஞ்சியோ. கணினிக்கு மூளையாக அமையும் இன்டெல் 8080 என்ற சில்லு 1974-இல்தான் வந்திருந்தது. தனியாக வாங்கினால் 360 டாலர். மொத்தமாக வாங்குவதாகப் பேசி 75 டாலருக்கு அதை அவர் பெற்றார். அந்தப் பேரம் படிந்திருக்காவிட்டால் நாம் பேச ஒரு கதையே இருந்திருக்காது.

அடுத்து அந்தக் காலிப் பெட்டி. பாப்புலர் எலக்ட்ரானிக்ஸின் 1975 ஜனவரி இதழில் அட்டைப்படம் என்று ஏற்பாடாகியிருந்தது. ராபர்ட்ஸ் தாம் சோதனைக்காகச் செய்திருந்த ஒரேயொரு கணினியை நியூயார்க்குக்கு ரயில் சரக்கில் அனுப்பினார். அது போய்ச் சேரவே இல்லை. இதழ் அச்சுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. முகப்பில் விளக்குகளும் சுவிட்சுகளும் பொருத்திய, உள்ளே ஏதுமில்லாத ஒரு பெட்டியை அனுப்பிவைத்தார்கள். அதைத்தான் படம் பிடித்து, வணிகக் கணினிகளுக்கு ஈடான உலகின் முதல் மினிகணினி கிட் என்று அட்டையில் அச்சிட்டார்கள். இதழ் வெளிவந்த சில வாரங்களில் ஆல்புகர்க்கிக்குக் காசோலைகள் வந்து குவிந்தன. முன்பின் தெரியாத ஊரில், பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்துக்கு, ஒரு காலிப் பெட்டியின் படத்தைப் பார்த்து மக்கள் ஏறக்குறைய 400 டாலரை அனுப்பினார்கள். 800 விற்றால் போதும் என்று எண்ணியிருந்தவருக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர்கள் வந்தன. எப்போது வரும் என்று காத்திருக்கப் பொறாமல் ஆல்புகர்க்கிக்கே நேரில் போய் நின்றவர்களும் உண்டு.

பெட்டி வந்து சேர்ந்த பின்னும் அதில் என்ன இருந்தது என்கிறீர்கள்? 256 பைட் நினைவகம். தமிழ் எழுத்துகளைக் கணினியில் பதியும் இன்றைய ஒருங்குறி முறையில் ஒன்றிரண்டு குறளுக்கு மேல் அதில் கொள்ளாது. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சின்ன நிரலை ஏற்ற வேண்டுமானால், 072, 107, 200 என்பது போன்ற எண்களை ஒவ்வொன்றாக எட்டுச் சுவிட்சுகளில் மேலும் கீழுமாக அமைத்து, ஒவ்வொன்றுக்கும் பதிவுச் சுவிட்சை ஒருமுறை தட்ட வேண்டும். அந்த நிரல் மொத்தம் பதினான்கு பைட், ஆகவே பதினான்கு முறை. நடுவில் ஒரு சுவிட்சு தவறினால் விடை தவறும், அல்லது ஒன்றுமே நடக்காது. எல்லாம் சரியாக அமைந்தால், விடை சில சிவப்பு விளக்குகளாக எரியும். இவ்வளவுக்கும் முன்னால் நூற்றுக்கணக்கான இணைப்புகளைக் கையால் பற்றவைத்திருக்க வேண்டும்.

இப்போது என் ரேடியோவுக்கு வருகிறேன். 1983-இல் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, இரண்டு பேண்டு டிரான்சிஸ்டர் ரேடியோ கிட் ஒன்றுக்கு எழுதிப்போட்டேன். வி.பி.பி.யில் வந்தது. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்தபோது அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. பெட்டியைப் பிரித்து, ரெசிஸ்டர்களையும் கண்டன்சர்களையும் செய்தித்தாளில் பரப்பி, பட்டியலோடு ஒப்பிட்டேன். ஐ.எஃப்.டி. எனப்படும், நிறத்தால் அடையாளம் காணும் சின்னக் கம்பிச்சுருள்கள், அதாவது காயில்கள், மூன்று இருக்க வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் இருந்தன, கறுப்பு இல்லை. நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தது, பிரிக்கும் அவசரத்தில் நான்தான் அதைத் தொலைத்துவிட்டேன் என்று. இரண்டு நாள் கட்டிலுக்கடியிலும் அரிசிப் பானைக்குப் பின்னாலும் டார்ச் அடித்துத் தேடினேன். அம்மா பெருக்கிய குப்பையைக்கூடக் கிளறினேன். அப்பாவும் அப்படியே நினைத்தார். அதைச் சொல்லவும் செய்தார். அந்த நிறுவனத்துக்கு மூன்று கார்டு எழுதினேன், பதில் இல்லை. கடைசியில் கடைத்தெருவில் இருந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் பழைய செட்டிலிருந்து ஒரு கறுப்புக் காயிலைக் கழற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கிட்டில் காயில் குறைவது வழக்கம்தான் தம்பி, உன்மேல் தப்பில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எந்தக் காணொளியும் சொல்லாதது இதுதான். முழுப் பொருளை வாங்கியவன் அது ஓடாவிட்டால் கடைக்காரனைத் திட்டுவான். கிட்டை வாங்கியவன் முதலில் தன்னையே சந்தேகிப்பான். சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைத்துவிட்டோமோ, ஈயம் இரண்டு கால்களை ஒட்டிவிட்டதோ, டையோடைத் திருப்பிப் பொருத்திவிட்டோமோ என்று இரவெல்லாம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பான். பொருளின் பாதி அவனுடைய கைவேலை என்பதால் குற்றத்தின் பாதியை அவன் கேட்காமலே ஏற்றுக்கொள்கிறான். கிட் விற்கிறவனுக்கு உலகில் வேறு எந்த வியாபாரிக்கும் கிடைக்காத சலுகை இது. ஆகவே, வேறு எந்த வியாபாரிக்கும் இல்லாத கடமையும் அவனுக்கு உண்டு: தன் குற்றத்தை வாங்கியவனின் கைமேல் ஏற்றாமல் இருப்பது.

ராபர்ட்ஸ் இந்தக் கடமையில் தவறினார். அவரிடம் நான் காணும் பிழை இது ஒன்றுதான். கேட்ஸைக் கதவுக்குள் விட்டது பிழையல்ல. ஆல்டேர் பற்றிய செய்தியை இதழில் பார்த்த கேட்ஸும் அவருடைய நண்பர் பால் ஆலனும், அந்தக் கணினியைக் கண்ணாலும் பார்க்காமல், ஹார்வர்டில் இருந்த பெரிய கணினியில் அதன் நடத்தையைப் போலச் செய்துகொண்டு, பேசிக் என்னும் எளிய நிரல்மொழியை அதற்காக எழுதினார்கள். தசம எண்களைக் கையாளும் மிதவைப் புள்ளிக் கணக்குப் பகுதியை அவர்களோடு சேர்ந்த மான்டி டேவிடாஃப் எழுதினார். 1975 மார்ச்சில் ஆலன் ஆல்புகர்க்கிக்கு விமானத்தில் வந்தார், பேசிக்கை இயந்திரத்தில் ஏற்றுவதற்கான சிறு நிரலை வழியில் எழுதிக்கொண்டே. இயந்திரத்தில் ஏற்றினார்கள், இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டார்கள், நான்கு என்றது. அந்த மென்பொருளை வாங்க ராபர்ட்ஸ் ஒப்பந்தம் போட்டதில் என்ன அறிவீனம்? சுவிட்சு தட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு மொழி கிடைத்தது. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய கொடை இல்லை.

பிழை நினைவகப் பலகையில் இருந்தது. பேசிக் ஓட வேண்டுமானால் 256 பைட் போதாது. குறைந்தது 4 கே, அதாவது சுமார் நாலாயிரம் பைட் நினைவகம் வேண்டும். எம்.ஐ.டி.எஸ். விற்ற 4 கே பலகை டைனமிக் நினைவகச் சில்லுகளால் ஆனது. அவ்வகைச் சில்லு ஒவ்வொரு பிட்டையும் மிகச் சிறிய மின்னூட்டமாக வைத்திருக்கும். மண்பானையில் நீர் கசிவது போல அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் நொடிக்குப் பல நூறு முறை அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்புகிற கணக்கு சற்றுப் பிசகினாலும், எழுதி வைத்தது எந்த ஓசையும் இல்லாமல் மறைந்துபோகும். எம்.ஐ.டி.எஸ். பலகை அப்படிப் பிசகுவதில் பேர்பெற்றது. கேட்ஸே அந்தப் பலகைகளைச் சோதித்துச் சலித்துப்போனார் என்பது பதிவாகியிருக்கிறது. அதை வாங்கி, ஒரு வாரம் உட்கார்ந்து பற்றவைத்து, ஓடாமல் போனதும் அது தன் கைவேலையின் குறை என்று எண்ணி மறுபடி ஒவ்வொரு இணைப்பையும் சூடாக்கிப் பார்த்த மனிதர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? காயிலைத் தேடிக் கட்டிலுக்கடியில் தவழ்ந்த என்னைப் போன்றவர்கள்தானே அவர்கள்?

அதோடும் நிற்கவில்லை. பேசிக் மென்பொருளை அந்தப் பலகைகளோடு சேர்த்து வாங்கினால் சில பத்து டாலருக்குக் கிடைக்கும். தனியாக வாங்கினால் விலை பல மடங்கு. நல்ல பொருளைக் கெட்ட பொருளோடு முடிச்சுப் போட்டு விற்பது என்று இதற்குப் பெயர். மளிகைக் கடையில் சர்க்கரை வேண்டுமானால் புழுத்த பருப்பையும் வாங்கு என்பது போல. கலிபோர்னியாவில் ப்ராசசர் டெக்னாலஜி என்ற சிறு நிறுவனம் இப்படி நிரப்பிக்கொண்டே இருக்கத் தேவையில்லாத, ஒழுங்காக ஓடும் ஸ்டாடிக் நினைவகப் பலகையை விற்கத் தொடங்கியதும், மக்கள் நல்ல பலகையை அவர்களிடம் வாங்கினார்கள். அந்நாளில் நிரல்களைத் துளைகளாகப் பதிந்துவைத்த காகித நாடாவில் பேசிக்கைப் பிரதி எடுத்துக் கைமாற்றினார்கள். பிரதி எடுத்தது சரி என்று நான் சொல்லவில்லை. அந்தத் திருட்டுக்கு ஏணி வைத்துக் கொடுத்தது அந்த விலைப்பட்டியல் என்று சொல்கிறேன். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் தம் புகழ்பெற்ற கடிதத்தில், ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து விழுக்காட்டினர்கூட பேசிக்கை விலை கொடுத்து வாங்கவில்லை என்று ஆர்வலர்களைச் சாடினார். ராபர்ட்ஸோ மாற்றுப் பலகை விற்றவர்களை ஒட்டுண்ணிகள் என்றார். ராபர்ட்ஸ் 1975 அக்டோபரில் பலகையின் குறையை ஒப்புக்கொண்டு விலையைக் குறைத்தவர்தான். கேட்ஸின் கடிதமோ பலகையைப் பற்றிப் பேசவே இல்லை. பற்றவைத்தவன் மேலேயே பழி மறுபடியும் விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒட்டுண்ணிகளுக்கு இடம் கொடுத்ததும் ராபர்ட்ஸின் வடிவமைப்பே. பலகைகளைச் செருக 100 ஊசி கொண்ட இணைப்பிகளை அவர் தேர்ந்தெடுத்தார், காரணம் அவை மலிவாகக் கிடைத்தன என்பதுதான். ஆனால் எவர் வேண்டுமானாலும் ஒரு பலகை செய்து அதில் செருகலாம் என்று ஆகிவிட்டது. பிறகு எஸ்-100 என்ற பெயரில் அதுவே ஒரு தொழிலின் முதுகெலும்பாயிற்று. 1983-இல் முறையான தரநிலையும் ஆனது. 1975 இறுதியில் வந்த இம்சாய் போன்ற நகல்கள் அந்த வழியில்தான் நுழைந்தன. அந்தத் திறப்பை அவர் கொண்டாடியிருக்க வேண்டும். நல்ல பலகை செய்து போட்டியிட்டிருக்க வேண்டும். கோபித்துக்கொண்டார்.

நீங்கள் தோல்வி என்று எழுதிய பகுதி இனிமேல்தான் வருகிறது, அதை விரைவில் சொல்லிவிடலாம். 1977 மே மாதம் எம்.ஐ.டி.எஸ். நிறுவனம் சுமார் 60 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு பெர்டெக் நிறுவனத்துக்குக் கைமாறியது. பேசிக் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் நடுவர் தீர்ப்பு கேட்ஸும் ஆலனும் தொடங்கிய மைக்ரோசாஃப்டின் பக்கம் வந்தது. ராபர்ட்ஸ் ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். இளமையில் அவருக்கு மருத்துவராக வேண்டும் என்ற ஆசை இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1986-இல் பட்டம் பெற்று, காக்ரன் என்ற சிற்றூரில் மருத்துவராகவே கடைசிவரை இருந்தார். 2010 ஏப்ரல் 1 அன்று இறந்தார். நோயுற்றிருந்தபோது கேட்ஸ் மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். நாற்பது வயதுக்கு மேல் உடற்கூறு நூலோடு முதலாண்டு மாணவனாக உட்காரத் துணிந்தவனைத் தோற்றவன் என்று எழுத உங்கள் கை கூசவில்லையா? உங்களுக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகியிருக்காது என்ற ஒரே காரணத்துக்காக மன்னிக்கிறேன்.

உங்கள் கிட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. செய்யுங்கள். ஆனால் போர்டை வடிவமைக்கும் முன்னரே விளக்கக் கையேட்டை எழுதுங்கள், ஓடாவிட்டால் என்ன செய்வது என்ற அத்தியாயத்திலிருந்து தொடங்கி. ஒரு பிள்ளை தன் பிழை எது, உங்கள் பிழை எது என்று தானே பிரித்து அறிய ஒரு சோதனையாவது அதில் இருக்க வேண்டும். உதிரிபாகங்களைப் பையில் போடுகிறவரும் எண்ணிப் பார்க்கிறவரும் வேறுவேறு ஆட்களாக இருக்கட்டும். நாணயம் போலத் தரையில் உருண்டு ஓடும் பாகங்களில் ஒன்றிரண்டை அதிகமாகவே போடுங்கள். கிடைக்கவில்லை என்று எவரேனும் எழுதினால், காரணம் கேட்காமல் அனுப்புங்கள்.

முதல் பெட்டி தயாரானதும் எனக்கு ஒன்றை வி.பி.பி.யில் அனுப்புங்கள், இலவசமாக வேண்டாம். கண் முன்போல் இல்லை, பற்றவைக்க ஒரு வாரம் ஆகும். கறுப்புக் காயில் எதுவும் குறைந்தால் மூன்று கார்டு போட மாட்டேன், இதே பக்கத்தில் எழுதுவேன்.